தம்பிக்குச் சுற்றிய விசிறி

ஆவுடையப்பன் காரில் இருந்த விசிறி, எதிர்வீட்டில் நின்ற தம்பி கோமதிநாயகத்தின் காருக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாசி பிறந்ததிலிருந்தே இப்படித்தான். தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு கடையநல்லூர் பஜார் வரை போவான். அவன் இன்ஜின் சூடானதும், அண்ணன் வாசலில் சாவிகூடப் போடாமல் நிற்கிற காரில் விசிறி விர்ரென்று ஓடும். அங்கே அவன் வண்டி குளிர்ந்துவிடும். இங்கே இவர் பேட்டரி இறங்கிவிடும். இவர் வண்டியை எடுத்தாலோ, பஸ் ஸ்டாண்டைத் தாண்டுமுன் சூடு காட்டுகிற முள் சிவப்பில் போய் நிற்கும். விசிறி அசையாது. ரேடியேட்டர் மூடியிலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி கிளம்பும்.

தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும். ஆவுடையப்பனால் மட்டும் தாங்க முடியவில்லை. சுற்றாமல் கிடந்தால்கூடப் பரவாயில்லை. சுற்றுகிறதே, அவனுக்கு!

எல்லாமே அவனுக்குத்தான். டீக்கடையில் முதல் கிளாஸ் அவனுக்கு. இவர் சோறு போடுகிற நாய் அவன் வாசலில் போய்ப் படுக்கும். இரண்டு காரும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வாங்கியவை. அவன் காரைப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது என்பார்கள். இவர் காரைப் பார்த்தால் ஓடுதா என்பார்கள்.

மெக்கானிக் மைதீனைக் கூப்பிட்டார். மைதீன் பானெட்டைத் தூக்கினான். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்துச் செருகினான். ரிலேயைக் காதில் வைத்துக் கேட்டான். கடைசியில் பேட்டரியிலிருந்து வயரை நேராக இழுத்து விசிறி மோட்டாரில் தொட்டான். விசிறி சுற்றியது. முன்னால் நீட்டிய கையில் காற்றுப் படவில்லை. எதிர்வாசலில், தம்பி காரின் முகப்பில் ஒட்டியிருந்த சருகுகள் பறந்தன.

"மோட்டார் சரி, வயர் சரி, தண்ணியும் இருக்கு," என்றான் மைதீன். "காத்து மட்டும் சின்னவருக்குப் போகுது."

"அதுதான் எனக்கே தெரியுமே. நிறுத்து."

"நிறுத்துறதுக்கு வழி இல்ல, அண்ணாச்சி. வேணும்னா ரெண்டு விசிறியையும் மாத்திப் போடலாம். அவர் விசிறி உங்களுக்கு, உங்க விசிறி அவருக்கு."

"போடு. வெள்ளிக்கிழமைக்குள்ள போடு."

வெள்ளிக்கிழமை தங்கச்சி சண்முகவடிவின் மகளுக்குத் தென்காசியில் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் பெண்ணை மண்டபத்துக்குத் தாய்மாமன் வண்டியில்தான் ஏற்றுவார்கள். யாருடைய வண்டியில் பெண் வந்து இறங்குகிறாளோ, அந்த மாமனுக்கு மேடையில் உருமா கட்டுவார்கள். பட்டுத் துண்டு, ஊர் பார்க்கத் தலையில். மூத்தவர் என்பதால் முதல் உரிமை ஆவுடையப்பனுக்கு. ஆனால் சண்முகவடிவு முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"பெரியண்ணே, வண்டி நடுவழியில நின்னா, பிள்ளையைச் சின்னண்ணன் வண்டியில ஏத்திருவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

"நிக்காது."

மைதீன் விசிறிகளை மாற்றிப் போட்டான். பலன் உடனே தெரிந்தது. இப்போது இரண்டு விசிறிகளும் தம்பிக்கே சுற்றின. அவன் காரின் கண்ணாடியில் பனி படிந்தது. சித்திரை வெயிலில் அவன் ஸ்வெட்டர் போட்டு வண்டி ஓட்டினான்.

"அண்ணே, குளிர் தாங்கலண்ணே," என்று ஒருநாள் வாசலில் நின்று சொன்னான்.

ஆவுடையப்பன் கதவைச் சாத்திக்கொண்டார். குளிருதாம். வாய்த்தவனுக்கு எப்படியெல்லாம் சலித்துக்கொள்ள முடிகிறது பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண் பூர்ணிமாவும் சண்முகவடிவும் ஆவுடையப்பன் காரில் பின்சீட்டில் ஏறினார்கள். தம்பி தன் காரில் மைதீனை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். இடைகால் தாண்டியதும் முள் சிவப்புக்குப் போனது. ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்தது. ஆவுடையப்பன் அதைப் பார்க்காத மாதிரி ஓட்டினார்.

"மாமா, ரோடு தெரியுதா?" என்றாள் பூர்ணிமா.

"பழகின ரோடுதான்."

"மேக்கப் கரையுது மாமா."

வண்டி ஒரு புளியமரத்தடியில் தானாக நின்றுகொண்டது. தம்பி பின்னால் நிறுத்தி இறங்கி வந்தான். ஸ்வெட்டர் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நின்றான். சண்முகவடிவு கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

"இறங்குட்டீ. முகூர்த்தம் போயிரும்."

மைதீன் பானெட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "அண்ணாச்சி, ஒண்ணு இருக்கு. ரெண்டு விசிறியும் சின்னவர் வண்டிக்குத்தான் சுத்தும். இந்த வண்டியும் சின்னவர் வண்டியாயிட்டா இதுக்கும் சுத்தும்ல?"

ஆவுடையப்பன் யோசித்தார். பெண் இறங்கி அந்த வண்டியில் ஏறினால் உருமா அவனுக்கு. வண்டியை அவனுக்குக் கொடுத்தாலும் உருமா அவனுக்கே. ஆனால் முதலாவதில், அவன் ஓட்டிக்கொண்டு போவதை இந்தப் புளியமரத்தடியில் நின்று பார்க்க வேண்டும். அதைவிட நெருப்பில் நிற்கலாம்.

"ஏலே கோமதி, இந்த வண்டி இனிமே உன் வண்டி."

சொல்லி முடிக்கவில்லை, விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஆவி அடங்கியது. முள் இறங்கியது.

தம்பி டிரைவர் பக்கக் கதவுக்கு வந்தான். "அப்ப நான் ஓட்டட்டுமாண்ணே?"

"வண்டியைத்தான் தந்தேன். ஸ்டியரிங்கைத் தரல. போ, உன் மத்த வண்டியில ஏறு."

தென்காசி வரை முள் அசையவில்லை. பூர்ணிமா குளிருக்கு மாலையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மண்டப வாசலில் நாதசுரம் கிளம்பியது. சண்முகவடிவு இறங்கியதும் நேராகச் சின்னண்ணனிடம் போனாள். மேடையில் அவன் தலையில் உருமா கட்டினார்கள். ஸ்வெட்டருக்கு மேலே அது நன்றாகவே இருந்தது. அதுதான் ஆவுடையப்பனுக்கு இன்னும் வலித்தது. போட்டோக்காரர் அவரைப் பார்த்துக் கையசைத்தார்.

"டிரைவர், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். தள்ளி நின்று அப்படியே பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

இலை போட்டார்கள். தம்பி உருமாவோடு வந்து மூன்று இலை தள்ளி உட்கார்ந்தான். அவனைச் சுற்றி நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்ததால் அவன் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. ஆவுடையப்பன் பருப்பும் நெய்யும் பிசைந்து நாலு கவளம் உள்ளே தள்ளினார். வயிறு காலியாகவே இருந்தது. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார். அப்போதும் காலிதான்.

மூன்று இலை தள்ளித் தம்பி பெரிதாக ஏப்பம் விட்டான்.

ஆவுடையப்பன் கையை நிறுத்தி அவனைப் பார்த்தார். பிறகு ஒரு வடையை எடுத்து முழுசாக வாயில் போட்டு விழுங்கினார். தம்பி வேட்டியைத் தளர்த்திக்கொண்டான்.

இன்னொரு வடை.

"அண்ணே," என்றான் தம்பி மூச்சு வாங்க, "போதும்ணே."

"சாப்பிடும்போது பேசாத," என்றார் ஆவுடையப்பன். பரிமாறுகிறவர் வாளியோடு தாண்டிப் போனார். ஆவுடையப்பன் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"எங்கய்யா ஓடுறீரு? பாயசத்தை இங்க ஊத்தும். வாளியை வச்சிட்டே போம்."