இரண்டு தட்டு

இந்தக் குண்டு எங்கிருந்து வந்தது? எல்லாவற்றையும் அதனதன் இடத்தில்தானே போட்டேன். பிறகு எப்படி ஒன்று மிஞ்சும்?

மிளகைவிடச் சற்றே பெரிய அந்தப் பித்தளைக் குண்டை அவள் மேல்சட்டைப் பைக்குள் விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டி முடித்த பிறகுதான் அது தட்டின் ஓரத்தில் கிடந்ததைப் பார்த்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது பைக்குள் கனத்தது.

பழைய லாரி ஸ்டார்ட் ஆனது. ஆக்சிலேட்டரை மிதித்திருக்கும்வரை ஓடியது. காலை எடுத்ததும் இரண்டு குலுக்கல், ஒரு இருமல், அணைந்துவிட்டது.

“உங்க அண்ணி மாதிரியே இருக்கு,” என்றான் அண்ணன் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து. “எல்லா வேலையும் செய்யும். சும்மா இருன்னா மட்டும் முடியாது.”

“அம்மாகிட்ட சொல்றேன் இரு,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மகள். மடியில் அவளுடைய விடுதிப் பெட்டி. பின்னால் சுமையாக ஜன்னல் கண்ணாடிகள், வரிசை வரிசையாக. மலையடிவாரத்துக்குப் பதினோரு வளைவுகள் இறங்க வேண்டும்.

பழுது பார்த்தவர் பானெட்டை இரண்டு முறை தட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி நகரும் என்பது அந்தப் பட்டறைக் கொட்டகையின் வழக்கம். அவள் ஸ்பானர் பிடித்த முதல் நாள் அண்ணன் விளையாட்டாக ஆரம்பித்தது. பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவன் அதை மீறியதில்லை. தட்டிவிட்டு அவள் சிரிப்பாள். பிறகு, அவன் கீழே போய்ச் சேர்ந்து போன் செய்யும்வரை ஒரு வாய் சோறு இறங்காது. இது அவனுக்குத் தெரியாது.

மறுபடி கார்புரேட்டரின் மூடியைத் திறந்தாள். மிதவை சரியான உயரத்தில் இருந்தது. பெட்ரோல் வரும் சின்ன ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். துளை சுத்தமாக இருந்தது. உதிரிப் பொட்டலத்தோடு வந்த தாளைக் கடைசி வரிவரை படித்தாள். இரண்டு வகை கார்புரேட்டருக்கும் பொதுவான பொட்டலமாம். இந்த வகைக்கு ஒரு குண்டு, அந்த வகைக்கு இரண்டு. மிஞ்சியது மிஞ்ச வேண்டியதுதான்.

மூச்சு விட்டாள். அடுத்த மூச்சிலேயே பயம் திரும்பி வந்தது. தப்பு தன் கையில் இருந்திருந்தால் தானே திருத்திவிடலாம். இப்போது அது வேறு எங்கோ இருக்கிறது.

மூடியை மாட்டி, அண்ணனை லேசாக ஆக்சிலேட்டரை மிதித்திருக்கச் சொன்னாள். எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டரின் அடியில் சுற்றிலும் எண்ணெய் விட்டுப் பார்த்தாள்; சத்தம் மாறவில்லை, அங்கே ஓட்டை இல்லை. ரப்பர் ஓஸ் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தாள். மூன்றாவது, தடித்த ஓஸ். அதை நெரித்ததும் இஞ்சின் தையல் மெஷின் போல ஒரே சீராக ஓடியது.

“காலை எடு.”

எடுத்தான். அப்போதும் ஓடியது.

“அப்பாடா! வாண்டுன்னா வாண்டுதான்!” அவளுடைய நாற்பது வயதிலும் அவனுக்கு அவள் வாண்டுதான்.

அந்த ஓஸ் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். பிரேக் பூஸ்டருக்கு. இஞ்சின் அந்த வழியாகக் காற்றை இழுப்பதால்தான் பிரேக் மிதி லேசாக இருக்கிறது. பழுது ஓஸில் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே புதிது மாட்டினாள்.

“அண்ணே, பிரேக்கை மிதி.”

இஞ்சின் திணறியது.

“விடு. திருப்பி மிதி.”

அணைந்தே போனது. பூஸ்டரின் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

“மிதி கெட்டியா இருக்கா?”

“கொஞ்ச நாளா அப்படித்தான். கால்ல பலம் இருக்குல்ல.”

“எவ்வளவு நாளா?”

“மழைக்கு முன்னாடி இருந்து. சும்மா நிக்கறப்போ ஐட்லிங் இறங்கிச்சு, கார்புரேட்டர் ஸ்க்ரூவை ஒரு சுத்து ஏத்தி வச்சேன். அப்புறம் இன்னொரு சுத்து. நீ அதைத்தான் பழைய இடத்துக்கே இறக்கிட்ட போல.”

மழைக்கு முன்னாலிருந்து. வாரத்துக்கு இரண்டு முறை மலையிறக்கம். எண்ண வேண்டாம் என்று நினைத்தாள், மனம் எண்ணியது. ஒவ்வொரு முறையும் தட்டி அனுப்பியது இந்தக் கைதான். அவனுடைய கால் பலத்தில் அவன் திரும்பி வந்திருக்கிறான். அவளோ, தன் வேலையால்தான் அவன் வந்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“பூஸ்டர் மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்.”

“இன்னைக்கு ஒரு நாள். கியர்லயே இறக்கிடுவேன். எனக்குத் தெரியாத மலையா?”

“கண்ணாடி என்ன கனம்?”

“ஆரம்பிச்சிட்டியா! உனக்கு மழைத் தூறலைப் பாத்தாலே வெள்ளம் வந்த மாதிரி.”

அவனே இறங்கி வந்தான். ஓஸைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கம்பியால் இறுக்கினான். பானெட்டைச் சாத்திவிட்டு ஏறி ஸ்டார்ட் செய்தான். காலையிலிருந்து அவள் கேட்க ஏங்கிய சத்தம், ஒரு பிசிறு இல்லாமல். ஆனால் இனி பிரேக்குக்கு இஞ்சினின் உதவி துளியும் இல்லை.

“தட்டு.”

அவள் நின்றாள். லாரியின் மூக்கு அவள் நெஞ்சுக்கு நேராக மெல்ல அதிர்ந்தது.

“அத்தை, நேரமாகுது,” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள் அண்ணன் மகள்.

“தட்டு வாண்டு. நீ தட்டாம நான் போனதே இல்லல்ல.”

அவள் இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள். விரலில் அந்தக் குண்டு பட்டது.

“மாட்டேண்ணே,” என்றாள்.