இரண்டு முறை திருத்திய அலை

எங்கள் வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது. கல்யாணமான புதிதில் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். ஒரே கம்பெனியில் எதிரெதிர் அறைகளில் வேலை. நான் செல்போன் டவர்களுக்கான அலைவடிவம், அதாவது சிக்னல் போகும் உருவம், அமைக்கிறவள். என் வீட்டுக்காரர் செயற்கைக்கோள் அணி. இரண்டு அணிக்கும் ஏழாம் பொருத்தம். சட்டம் மட்டும் இல்லையென்றால் எங்களுக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

டவர், செயற்கைக்கோள் இரண்டுக்கும் பொதுவாக ஒரே அலைவடிவம் அமைத்து, முதலில் ஓர் ஆம்புலன்ஸில் பொருத்தினோம். மலைப்பாதையில் டவர் கைவிடும் இடத்தில் செயற்கைக்கோள் பிடித்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் இதயத்துடிப்புக் கோடு அறுபடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு தடவையும், டவர் எட்டாத கணவாயில் கோடு அறுந்தது. தப்பு உங்கள் பக்கம்தான் என்று இரண்டு அறையும் கத்தியதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் கணவாய்க்கு அப்பால் குடியிருக்கும் மாமனார் எங்களைப் பார்க்க வந்தார். ரிட்டையரான பஸ் கண்டக்டர். சாப்பிடும்போது யாராவது பேசாமல் இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

"ஏம்மா, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஆபீஸ் விஷயம் மாமா. வீட்ல பேசறதில்ல."

"எங்கிட்ட சொல்லு. அவன் காதுல விழுந்தா விழட்டும்."

சொன்னேன். செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருப்பதால் அலையின் சுருதி நழுவும். எவ்வளவு நழுவும் என்று கணக்குப் போட்டு, அனுப்பும் முன்பே வண்டியிலுள்ள கருவி திருத்திவிடும். முடிக்கக்கூட இல்லை, என் வீட்டுக்காரரின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"நீங்களும் திருத்தறீங்களா? வந்து சேர்ற இடத்துல நாங்க திருத்தறோமே!"

மாமனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரே ஆளுக்கு ரெண்டு பேரும் டிக்கெட் கிழிச்சிருக்கீங்க!"

இரண்டு தடவை திருத்தியதில் சுருதி எதிர்ப்பக்கம் நழுவியிருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. எந்தத் திருத்தத்தை எடுப்பது என்று மறுநாள் மறுபடி சண்டை. விட்டுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். அதன் பிறகு கோடு அறுபடவே இல்லை.

மாமனார் ஊர் திரும்பிய பின் ஒருநாள் காலை அவருக்கு நெஞ்சுவலி. எங்கள் ஆம்புலன்ஸ்தான் போயிற்று. சரியாகக் கணவாயில் துடிப்பு தாறுமாறானது. ஆஸ்பத்திரியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அந்த நொடியே மருந்தைச் சொல்ல, நர்ஸ் வண்டியிலேயே ஊசி போட்டுவிட்டார்.

"அங்க கோடு தெரியாம போயிருந்தா உயிரோட கொண்டுவந்திருக்க முடியாது" என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் மாமனார் விசாரணையை ஆரம்பித்தார்.

"டாக்டருக்கு நன்றி சொன்னீங்களா?"

"சொல்லிட்டோம் மாமா."

"நர்சம்மாவுக்கு? டிரைவருக்கு?"

"சொல்லியாச்சு."

"வேற யாரும் விட்டுப்போகலையே?"

அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். "இன்னும் ஒருத்தர் இருக்கார் மாமா. அன்னைக்கு அவர் கேக்கலேன்னா அந்தக் கோடு இன்னும் அறுந்துட்டுத்தான் இருக்கும்."

"யாரும்மா அது? கூப்பிடு, நானே சொல்லிடறேன்" என்றார்.