கயிறு அந்துச்சி

கோவளம் குப்பத்தில் யாரும் எதையும் உடைத்ததாகச் சரித்திரம் கிடையாது. டம்ளர் உடைஞ்சிடும், சோறு குழைஞ்சிடும், வலை கிழிஞ்சிடும். எல்லாம் தானாக நடக்கும். பக்கத்தில் நின்றவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மாயவன் கடலோடு போன அன்று, தனியாகக் கரைக்கு வந்து விழுந்த தாண்டவராயன் "கயிறு அந்துச்சி" என்று சொன்னபோது யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கேட்பானேன்? கயிறு என்றால் அறுந்துபோவதுதானே.

ஆனால் கயிறு தானாக அறுந்துவிடவில்லை. அவன்தான் அறுத்தான்.

நடந்தது இதுதான். கடலடிப் பாறையில் வலை மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட மாயவன் முங்கினான். அதற்குள் காற்று திரும்பி, வலைக்கயிறு கட்டுமரத்தின் மூக்கைத் தண்ணீருக்குள் இழுக்க ஆரம்பித்தது. மாயவன் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் மேலே வந்துகொண்டிருந்தான். தலை தெரிந்தது, பத்து முழம்கூட இல்லை. தாண்டவராயன் இடுப்புக் கத்தியை எடுத்தான். மாயவனைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம் யோசித்தான். பிறகு அறுத்தான். அடுத்த அலையில் தலையைக் காணோம். மூன்றாம் நாள் உடம்பு ஒதுங்கியது.

மாயவன் வேறு யாருமில்லை, தாண்டவராயனின் தங்கை பார்வதத்தின் புருஷன். தாண்டவராயன் தனிக்கட்டை. இரண்டு வேளைச் சோறும் தங்கை வீட்டில்தான். அவளை விட்டால் அவனுக்கு உலகத்தில் ஆள் கிடையாது.

குப்பமே ஒரே குரலில் விதி என்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், விதி என்று எவனாவது வாயைத் திறந்தால் சண்டைக்குப் போகிற ஆள் தாண்டவராயன். எழுபத்திரண்டாம் வருஷம் பார்வதத்தின் கல்யாணத்தை ஐயரும் இல்லாமல், அம்மியும் இல்லாமல், மாலை மாற்றி நடத்தி ஊர் வாயில் விழுந்தவன். "தலையில எவன்டா எழுதினான்? எந்தப் பேனாவுல?" என்று கேட்டு எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறான்! இப்போது அதே ஆட்கள் தோளைத் தட்டி, "நீ இன்னா பண்ணுவ, அண்ணாத்த? அவன் விதி" என்கிறார்கள். இவன் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். வெட்கக்கேடு!

மனசு கேட்காமல், படிப்பகத்து வாத்தியார் சிவப்பிரகாசத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவரும் சாமி கும்பிடாதவர்தான். நிதானமாகக் கேட்டார்.

"நெருப்பு சுட்டா கையை இழுக்கிறோமே, யோசிச்சா இழுக்கிறோம்? உசுருக்கு ஆபத்துன்னா கை தானா வேலை செய்யும், தாண்டவராயா. நீ அறுக்கல. உன் உடம்பு அறுத்துது."

"நான் யோசிச்சேனே, வாத்தியாரே."

"அப்படி உனக்குத் தோணுது."

தாண்டவராயன் எழுந்து வந்துவிட்டான். அடேயப்பா, அதே விதிக்கு இவர் வேறே சட்டை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

மாயவன் வீட்டார் கருமாதியை முடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அன்று மத்தியானம் பார்வதம் அண்ணனுக்குச் சோறு போட்டாள்.

"நான் இன்னா பாவம் பண்ணேன்னு அந்தக் கடலாத்தா கயித்த அறுத்தா?" என்றாள். பதினாறு நாளாக இதே கேள்விதான். விடிந்தால் கரைக்குப் போய், மண்ணை வாரிக் கடலில் எறிந்து கத்திவிட்டு வருவாள்.

"ஆத்தா அறுக்கல. நான்தான் அறுத்தேன்."

அகப்பை அப்படியே நின்றது.

"அந்துச்சின்னு சொன்னியே?"

"பொய்யி."

"மரம் கவுந்துடும்னு பயந்துகினு, தெரியாம அறுத்துட்ட. அப்டித்தானேண்ணா? தெரியாமன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கும் இங்கே சோறு உண்டு, தங்கை உண்டு.

"தெரிஞ்சிதான் அறுத்தேன். அவன் கயித்தப் புடிச்சிகினு வந்தான். என்னப் பாத்தான். நானும் பாத்தேன்."

"அறுக்காம இருந்தா?"

"ரெண்டு பேரும் போயிருப்போம். பொழச்சிருந்தாலும் பொழச்சிருப்போம். தெரியல."

பார்வதம் அகப்பையைக் குழம்புச் சட்டிக்குள் விட்டாள்.

"பதினாறு நாளா யார ஏசறதுன்னு தெரியாம தண்ணியப் பாத்துக் கத்திகினு இருந்தேன்" என்றாள். "இனிமே கரைக்குப் போவ வேணாம்."

குழம்பை ஊற்றினாள். "துன்னுட்டு எழுந்து போ. இன்னொரு தபா இந்த வூட்டுப் படி ஏறாத."

தாண்டவராயன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பார்வதம் எதிரில் உட்கார்ந்து, பதினாறு நாளில் முதல்முறையாக அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, ஏச ஆரம்பித்தாள்.