மஜீது பாய் ‘ஆகும்’ என்று சொன்ன பையன்

மஜீது பாய் வாயிலிருந்து ‘ஆகும்’ என்ற சொல் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் புட்பால் ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். பகலில் அவர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளுக்குப் புட்பால் கேம்ப் நடத்துவார், மைதானத்து ஓரத்தில் நின்று அவர்களைப் பார்ப்பார். மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஒரு பெரிய கிளப்புக்கு இந்தப் பக்கத்துப் பையன்களைத் தேடிப் பிடித்துச் சொல்கிறவர் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

கோல் அடிக்கிறவனை எவனும் பார்ப்பான். அதற்கு மஜீது எதற்கு? அவர் பார்ப்பதெல்லாம் வேறு. பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் பையன் எத்தனை தரம் தலையைத் திருப்பிப் பார்க்கிறான்? பந்தைப் பறிகொடுத்த பிறகு நின்று கையை விரிக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? கூட ஆடுகிறவன் திட்டினால் முகம் எப்படிப் போகிறது? மேட்ச் முடிந்ததும் பையனின் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்து, பையன் எவ்வளவு வளர்வான் என்று உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொள்வார். அப்புறம் ஒரே சொல். ஆகும், அல்லது ஆகாது. அழுதாலும் சரி, அப்பன்காரன் சண்டைக்கு வந்தாலும் சரி, ஆகாது என்றால் ஆகாதுதான். இத்தனை வருஷத்தில் ‘ஆகும்’ என்று அவர் சொன்னது மூன்று பேருக்கு.

நாலாவது ஆள், காலடிப்பேட்டை பகலவன்.

பையனுக்குப் பதினாலு வயது. அப்பா துரை காட்டுப்பள்ளியில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். அம்மா கன்னியம்மா காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் ஐஸ் உடைத்துக் கொட்டுகிறவள். சின்ன வயதிலிருந்தே மஜீதின் கேம்ப்பில் ஆடுகிற பையன்தான். ஆனால் பத்தோடு பதினொன்றாகத்தான் கிடந்தான். போன வருஷம் என்ன ஆயிற்றோ, திடீரென்று வளர்ந்தான். கால் நீண்டது, தோள் விரிந்தது, அதோடு ஆட்டத்தில் ஒரு நிதானம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் நடு மைதானத்தில், மூன்று பேர் நெருக்கிக்கொண்டு வரும்போது, அவன் பந்தை நிறுத்தி, ஒரு நொடி சும்மா நின்று, அவர்களை வரவிட்டு, பின்னால் ஓடிக்கொண்டிருந்தவனுக்குத் திரும்பிப் பார்க்காமலேயே தட்டிவிட்டான். மஜீதுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடேயப்பா! இத்தனை நாள் இவனை எங்கே வைத்திருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம்தான் கன்னியம்மாவிடம் போனார்.

“இன்னா பாய், எப்டிகீறான்?” என்றாள் அவள்.

“ஆகும்மா,” என்றார் மஜீது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெரு என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

கிளப் வருஷத்துக்கு ஒருமுறை பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களை எடுக்கும். எடுத்தால் தங்குமிடம், சாப்பாடு, பள்ளிக்கூடம், ஆட்டம் எல்லாம் அங்கேயே. பதினைந்து தாண்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பகலவனுக்கு இருந்தது இந்த ஒரே வருஷம். தேர்வுக்குக் கிளப்பின் சார்பில் வந்தவர் ஜெயவேல். வேறு யாருமில்லை, மஜீது முதல்முதலாக ‘ஆகும்’ என்று சொன்ன அதே வியாசர்பாடி ஜெயவேல்தான். பத்து வருஷம் பெரிய ஆட்டங்கள் ஆடி முடித்து, இப்போது கிளப்பில் இளம் ஆட்டக்காரர்களுக்குப் பொறுப்பாளர். இரண்டு நாள் பகலவனைப் பார்த்துவிட்டு, “பாய், உன் கண்ணு கண்ணுதான்,” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். மஜீது அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி காத்தூன் பீவியிடம் அதை நாலு தரம் சொன்னார்.

நாலே நாளில் ஜெயவேலிடமிருந்து போன் வந்தது.

“பாய், ஒரு பேஜாரு ஆயிப்போச்சு. பையனுக்கு இன்னா வயசு?”

“பதினாலு. பர்த் சர்டிபிகேட் அனுப்சேனே.”

“அனுப்ச. சிஸ்டத்துல பேரு அடிச்சா பன்னெண்டுன்னு வருது. ஆறு வருஷம் முன்னாடி புட்பால் சங்கத்துல யாரோ வேற சர்டிபிகேட் குடுத்து பதிஞ்சிருக்காங்க. யாரு பாய் அது?”

யார் என்று மஜீதுக்குத் தெரியாதா என்ன!

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பையனைக் கேம்ப்பில் சேர்க்கும்போது ‘என்ன வயசு’ என்று எவனும் கேட்பதில்லை. ‘எந்தக் கப்புக்கு’ என்றுதான் கேட்பார்கள். பத்து வயதுக்குட்பட்டோர் கப் என்றால் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பேப்பரில் ஒன்பதாகிவிடுவார்கள். எல்லா கேம்ப்பிலும் இதே கதைதான். எதிர் டீமில் மீசை முளைத்தவன் நிற்கும்போது நம் பிள்ளையை மட்டும் நிஜ வயதில் இறக்கி அடி வாங்கவிட முடியுமா? இப்படிச் சொல்லித்தான் மஜீதும் மனதைத் தேற்றிக்கொள்வார். ஜெராக்ஸ் கடை கருணாகரனிடம் கொடுத்தால் இரண்டு நாளில் புது சர்டிபிகேட் வந்துவிடும். அதற்குப் பெயர் ‘வயசு கட் பண்றது’. அது ஒரு தப்பு என்கிற நினைப்பே யாருக்கும் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். யார்டில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மஜீது பதினாலு பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக் கருணாகரனுக்குக் கொடுத்தனுப்பி, “எல்லாத்துக்கும் ரெண்டு கட் பண்ணிடு,” என்று போனில் சொன்னார். கட்டைப் பிரித்து யாருக்கு என்ன வயது என்று பார்க்கவில்லை. அந்தக் கட்டுக்குள் பகலவனும் இருந்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. கட் பண்ண வேண்டிய அவசியமே இல்லாத பிள்ளை. எட்டு வயதுக்காரனை ஆறாக்கிவிட்டார் மனிதர். பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது. அப்புறம் சங்கத்துக்காரர்கள் பழைய பேப்பரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இவர் மறந்தே போனார்.

“நான்தான்டா,” என்றார் மஜீது போனில்.

“ரெண்டு சர்டிபிகேட் வந்தா ரூல் இன்னான்னு உனுக்குத் தெரியும் பாய். எலும்பு டெஸ்ட்தான். மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்து டாக்டர் சொல்ற வயசுதான் கணக்கு. ஒரே சர்டிபிகேட்டா இருந்திருந்தா எக்ஸ்ரே பேச்சே வந்திருக்காது.”

எக்ஸ்ரே எடுக்க மஜீதுதான் பையனை அழைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பகலவன் கேட்டான். “எனுக்கு இன்னா பாய்? நல்லாத்தானே கீறேன். எதுக்கு எக்ஸ்ரே?”

“எல்லார்க்கும் எடுப்பாங்கடா, சும்மா,” என்று வாய் கூசாமல் சொன்னார் மஜீது. மனதுக்குள் மட்டும் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பதினாலு வயதுப் பையனுக்குப் பதினாலு என்றுதானே வரும், பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பதினாலு வரவில்லை. பதினாறு வயது பத்து மாதம் என்று வந்தது.

மஜீது டாக்டரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. டாக்டர் நல்ல மனிதர். “சில பசங்களுக்கு எலும்பு முந்தி வளர்ந்துடும். உடம்பு சீக்கிரமா வளர்ந்தா அப்படித்தான். இவனுக்கு நெஜமாவே பதினாலா இருக்கலாம். ஆனா பிலிம்ல தெரியிறதத்தான் நான் எழுத முடியும்,” என்றார். எந்த வளர்ச்சியைப் பார்த்து மஜீதுக்கு உடம்பு சிலிர்த்ததோ, அந்த வளர்ச்சிதான் இப்போது பையனின் கழுத்தில் கத்தி வைத்தது.

சங்கத்துப் பதிவில் பன்னிரண்டு, சர்டிபிகேட்டில் பதினாலு, எக்ஸ்ரேயில் பதினேழுக்குப் பக்கம். ஒரே பிள்ளைக்கு மூன்று வயது. இதில் உண்மையான வயதுக்குத்தான் அங்கே மரியாதை இல்லை.

ஜெயவேல் ஊருக்குக் கிளம்புகிற அன்று மஜீது அவர் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனார். பையைக் கட்டிக்கொண்டிருந்தார் ஜெயவேல். கார்ப்பரேஷன் கொடுத்த அசல் சர்டிபிகேட்டைக் கட்டிலில் விரித்துப் போட்டார் மஜீது.

“கார்ப்பரேஷன்ல போய்க் கேளுடா. நம்பர் கீது, சீல் கீது. இது நெசம்டா.”

“நெசமாத்தான் இருக்கும் பாய்.”

“அப்போ சங்கத்துக் கமிட்டில சொல்லு. மஜீது சொன்னான்னு சொல்லு. இந்தப் பையன் பதினாலுதான்னு நான் எழுதித் தரேன். தப்பு பண்ணது நானு, என்னைத் தடை பண்ணச் சொல்லு. இனிமே நான் ஒரு பையனையும் பாக்கல. பையன வுட்டுடச் சொல்லு.”

ஜெயவேல் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தார். “நீ எழுதிக் குடுத்தா எவன் பாய் நம்புவான்? வடசென்னைன்னாலே அங்க சிரிக்கிறாங்க. சங்கத்துக் கம்ப்யூட்டர்ல நீ பதிஞ்ச பசங்க பேரு ஒரு எழுவது எண்பது கீது. ஒவ்வொண்ணா எடுத்தா ஒவ்வொண்ணும் பொய்யி. எழுவது பொய்க்கு அப்புறம் ஒரு நெசம் சொல்லிகினு போய் நின்னா, செருப்பால அடிப்பாங்க.”

“நீ சொல்லு. உன்ன நம்புவாங்க.”

“எனுக்கு எத்தினி கட் பண்ண பாய்?”

மஜீது கட்டிலில் கிடந்த சர்டிபிகேட்டை மடிக்க ஆரம்பித்தார்.

“மூணு,” என்றார் ஜெயவேல். “இன்னிக்கும் என் ஆபீஸ் பேப்பர்ல அந்த வயசுதான். நான் வாயத் தொறந்து இந்தப் பையனுக்காகப் பேசினா, முதல்ல உன் வயசு இன்னாடான்னு தோண்டுவாங்க. எனுக்கு ரெண்டு பொண்ணு கீது பாய். என்ன மன்னிச்சிடு.”

ஜெயவேல் அழுதார். நிஜமாகவே அழுதார். என்ன பிரயோஜனம்? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சங்கத்திலிருந்து மறுநாளே கடிதம் வந்தது. வயது மோசடிக்காக டி. பகலவனுக்கு இரண்டு வருஷத் தடை. பதிவு பெற்ற எந்த ஆட்டத்திலும் இறங்கக் கூடாது. தடை முடியும்போது அவனுக்குப் பதினாறு. அதற்கப்புறம் எந்தக் கிளப்பு எடுக்கும்? கடிதத்தில் மஜீதின் பெயர் எங்கேயும் இல்லை. மோசடி செய்தவன் என்று எழுதியிருந்தது அந்தப் பிள்ளையை.

அன்று சாயங்காலம் காலடிப்பேட்டைக்கு நடந்தே போனார். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்கிற பயம். கன்னியம்மா வாசலில் குந்திக்கொண்டு, புது பிளாஸ்டிக் பக்கெட்டில் சிவப்பு நெயில் பாலிஷால் மகனின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வு நடந்த வாரமே கிளப் அனுப்பிய, கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலில் பக்கெட், மக், இரண்டு பெட்ஷீட் என்று இருந்ததாம். ‘பகல’ வரைக்கும் எழுதியிருந்தாள். ஐஸில் கிடந்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள், எழுத்து கோணல்மாணலாக வந்திருந்தது.

“வா பாய், குந்து. எப்போ டிரெய்னு?”

மஜீது குந்தவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரப்பர் பேண்டு போட்ட கட்டு, கருணாகரன், எக்ஸ்ரே, தடை, எதையும் மறைக்கவில்லை. ஜெயவேல் வயதை மட்டும் சொல்லவில்லை. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நினைத்தார். அப்படிச் செய்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் நெயில் பாலிஷ் பாட்டிலை இறுக்கி மூடினாள்.

“என் புள்ள வயசு சரியாத்தானே இருந்திச்சு பாய்?”

“சரியாத்தான்மா இருந்திச்சு.”

“எவனெவனுக்கோ பொய் சொன்ன, அவனெல்லாம் கிளப்புல சேந்துட்டான். என் புள்ளைக்கு நெசத்தச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேம்மா. நம்ப மாட்டேன்றாங்க.”

பகலவன் உள்ளேயிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தானோ தெரியவில்லை. மஜீது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே தலையெழுத்தைச் சொன்னவருக்கு, அந்த ஒரு முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

“அந்தக் கப்பு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள் கன்னியம்மா. “அதுக்குத்தானே கட் பண்ண. ஜெயிச்சீங்களா?”

“செமிபைனல்ல தோத்துட்டோம்.”

“நான் அதுல ஆடவே இல்ல பாய்,” என்றான் பகலவன். “ரொம்பப் பொடியனா கீறான், அடிபட்டுடுவான்னு நீதான் என்ன உள்ள எறக்கல. கப்பு முடியிற வரிக்கும் வெளிய குந்திகினு எல்லார்க்கும் தண்ணி குடுத்துகினு இருந்தேன்.”

மஜீதுக்கு அது ஞாபகம்கூட இல்லை.