அசல் நபரை அனுப்பவும்

ஆமாம், கல்லூரிக்குப் போய்ப் படித்தது கல்லு இல்லை, கல்லுவின் போட்டோதான். அதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. எதிர்க்கடையில் சாவி செய்பவரிடம் கேட்டால்கூட, "போட்டோதாங்க போச்சு, நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்" என்று சாவியை அராவிக்கொண்டே சொல்வார். ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குள் விளம்பரத்துக்காக நின்றிருந்த ஆளுயரப் படம் அது. நீலச் சட்டை, பின்னிய தலை, பல் தெரியாத சிரிப்பு, பின்பக்கம் வெறும் வெள்ளை அட்டை. எப்படிப் போனது, ஏன் போனது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

கல்லு ஸ்டுடியோக்காரரின் ஒரே மகள். தவழ்ந்து திரிந்த காலத்திலிருந்தே கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பொறுக்கி வந்து கவுண்டருக்கு அடியில் அடுக்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாறைகளைப் பற்றிப் படிக்கவென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு எந்தப் பேச்சும் அவள் காதில் ஏறவில்லை. சின்ன வயதில் ஒருநாள் ஸ்டுடியோவின் விளக்கு ஸ்டாண்ட் அவள் மேல் சரிந்து விழுந்து, இடது புருவத்துக்கு மேலே தழும்பாகிவிட்டது. ஸ்டாண்டின் திருகை முறுக்காமல் விட்டவர் அப்பாதான். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து மகளை எடுத்த ஒவ்வொரு படத்திலும் அவர் அந்தத் தழும்பை டச்சப் செய்து அழித்துவந்தார். பள்ளிக்கூட அட்டை, பஸ் அட்டை, அடையாள அட்டை எல்லாவற்றிலும் கல்லுவின் நெற்றி புதுத் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். கழுத்தே இல்லாத ஒருவருக்குக் கழுத்து வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு மறுநாளே டை வாங்கப் போனாராம்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது, ஒரே ஒரு சரிபார்ப்பு மட்டும் பாக்கி என்றார்கள். அது இல்லையென்றால் பணம் வராது, பணம் வராவிட்டால் இடம் போய்விடும். போனை முகத்துக்கு நேரே பிடித்து இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது திரை. கல்லு எல்லாம் செய்தாள். 'முகம் பொருந்தவில்லை' என்று வந்தது. மறுபடி செய்தாள், மறுபடி வந்தது. பிறகு எந்தத் திருத்தமும் இல்லாத புதுப் படம் ஒன்றை அனுப்பச் சொன்னார்கள். அப்பா கவனமாக விளக்கு வைத்து எடுத்தார், கணினியில் ஏற்றினார், அனுப்பினார். அனுப்பிய பிறகு பார்த்தால் அதிலும் தழும்பு இல்லை.

கவுண்டரில் படங்களை நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "அழிக்காதீங்கன்னு அத்தனை தடவை சொன்னேனே, காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?"

"நான் எங்க அழிச்சேன்? கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

"அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கலாம்ல?"

கடைசியில் கல்லு நேரிலேயே போனாள். உதவித்தொகை அலுவலகத்தில் ஏழெட்டு ஜன்னல்கள், அதில் ஒன்றுதான் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் அவர் முகமே அவரைப் போல இல்லை. அதைச் சொன்னால் கோபப்படுவார் என்று கல்லு சொல்லவில்லை. அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீ இல்லம்மா."

"நான்தான் சார். தழும்பை எங்கப்பா டச்சப் பண்ணிட்டாரு."

"அப்ப பணத்தையும் உங்கப்பாவையே டச்சப் பண்ணித் தரச் சொல்லு." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். "கோவிச்சுக்காதம்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். படத்துல இருக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வா, ஒரு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

மறுநாள் காலையில் அம்மா ஷட்டரைத் தூக்கியபோது ஆளுயரப் படம் கண்ணாடிக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தது. செருப்பு வேண்டும், தனது செருப்பு வெறும் அச்சடித்ததுதான், தண்ணீர் பட்டால் ஊறிவிடும் என்றது. அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். கல்லு படத்தைக் கூட்டிப்போய் நிறுத்தினாள், ஜன்னல்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பணம் வந்தது, இடம் உறுதியானது, சாவிக்காரருக்கு இனிப்புகூடக் கொடுத்தார்கள். சரிபார்ப்பு முடிந்துவிட்டது, இனி நான் போய்க்கொள்கிறேன் என்று கல்லு பையில் இரண்டு கற்களையும் ஆய்வகத்துக்கான வெள்ளை கோட் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். கல்லூரி வாசலிலும் ஒரு முகம் பார்க்கும் இயந்திரம் இருந்தது. தினமும் காலையில் அது திறந்துவிட வேண்டும். கல்லுவுக்கு அது திறக்கவில்லை. சாயங்காலம் பையோடு திரும்பி வந்தவள், அதைப் படத்தின் தோளில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் படம் போனது. சாவிக்காரர் பஸ் ஏற்றிவிட்டார்.

வருஷங்கள் எப்படிப் போயின என்றால், இப்படித்தான். படம் கடைசி வரிசையில், வெள்ளை முதுகு தெரியாதபடி சுவரோரமாக உட்கார்ந்தது. மின்விசிறியைக் குறைத்து வைக்க வாத்தியார்கள் பழகிக்கொண்டார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் அப்பா அதற்கு லேமினேஷன் போட்டுவிடுவார். நனையாது, ஆனால் கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கும். பாறை எதையும் அதனால் தூக்க முடியாது. அதனால் வார விடுமுறையில் பாறைகள் வீட்டுக்கு வந்தன. கல்லு உடைத்தாள், உரசினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், எழுதிக் கொடுத்தாள். "இதுல என்னக்கா இருக்கு, கல்லுதானே?" என்று படம் அதே சிரிப்போடு கேட்கும். அதற்கு வயது ஏறவே இல்லை. கல்லுவுக்கு ஏறியது, அதனால்தான் அக்கா. அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது இரண்டு பேருக்கும் தட்டு வைப்பாள். படம் சாப்பிடாது, ஆனால் வைக்காவிட்டால் மனசு கேட்கவில்லை என்பாள்.

கல்லுவுக்குத்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. உதவித்தொகை அலுவலகம் ஒருமுறை இவள் அவள் இல்லை என்று எழுதியதோடு சரி, மற்றவை தாமாகவே தெரிந்துகொண்டன. நூலகத்துக் கதவு நகரவில்லை. பஸ் அட்டை செத்துப்போனது. வங்கியில் வரிசையில் நின்றால் அவளுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் அப்பா கேமராவைத் துடைத்துவிட்டுச் சும்மா அவள் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தார். படத்தில் பின்னால் தொங்கிய நீலத் திரை மட்டும் விழுந்திருந்தது, மடிப்பெல்லாம் அழகாக. கல்லு அடுத்த வாடிக்கையாளருக்குச் சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

படிப்பு முடிந்து படம் முதல் வகுப்பில் தேறியது. பட்டம் தருவதற்கு முன்னால் இன்னொரு சரிபார்ப்பு வந்தது. பள்ளியில் சேர்த்த அன்று அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாள்: அங்க அடையாளம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. அது இல்லாமல் பட்டம் தர முடியாது என்றார்கள். பட்டம் தராவிட்டால் உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். படம் வந்து ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைக் காட்டியது. "வரைஞ்சுடுங்கப்பா."

அப்பா வரைந்தார். கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. அழித்தார், மறுபடி வரைந்தார், வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது. இத்தனை வருஷமாக அதை அழித்தவருக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகத்தானே அழித்தார். கல்லு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, விளக்கைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். ஸ்டாண்டின் திருகை அவளே முறுக்கினாள். அவர் கேமராவை எடுத்தார். இந்தத் தடவை நீலத் திரைக்கு நடுவில், அந்தரத்தில், தழும்பு மட்டும் விழுந்திருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு பெருசாடி இது?"

"முன்னாடி இன்னும் பெருசுப்பா. இப்ப சுருங்கிடுச்சு."

பிசகாமல் அந்தத் தழும்பை எடுத்துப் படத்தின் நெற்றியில் பதித்தார். அச்சு அசலாக வந்தது. படம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தியது. போனில் இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, கண்ணைச் சிமிட்டியது. சாயங்காலம் பதில் வந்தது. அங்க அடையாளம் சரியாக இருக்கிறது, நன்றி. ஆனால் எங்களிடம் உள்ள படத்தோடு முகம் பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அசல் நபரை நேரில் அனுப்பவும்.

அம்மா வழக்கம்போல இரண்டு தட்டு வைத்தாள். அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மவுஸ் பக்கம் கை போகவில்லை. படியில் கல்லுவும் படமும் அக்கம்பக்கமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள், ஒரே மாதிரித் தழும்போடு. ஒருத்தியைக் கேமரா பார்க்காது, இன்னொருத்தியைப் பார்த்தாலும் ஒத்துக்கொள்ளாது. கடைசி பஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது, சாவிக்காரர் கையைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் இதில் யாரை ஏற்றிவிடுவீர்கள்?