லினக்ஸுக்கு ஒரு துடைப்பம்

நிம்மதிக்கு முந்நூறு என்கிறான், அதுவும் எனக்காகக் குறைத்த விலையாம், நிம்மதிக்கு இரண்டாவது கடையில் விலை விசாரிக்கவா முடியும்… மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி நான், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் திரையில் காட்டும் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், 'இரண்டாயிரத்து முந்நூறு வேண்டாத ஃபைல்கள்', ஒரே தட்டில் சுத்தமாம், பாஸ்வேர்டை மட்டும் போடுங்கக்கா என்கிறான், பழைய சிஸ்டத்துக்கு மாதாமாதம் வருவான், வைரஸ் என்பான், தூசி என்பான், நானும் தண்டம் அழுதேன், போன மாதம் மகள் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று வேறு சிஸ்டம் போட்டுவிட்டாள், ஓசி, அன்றிலிருந்து முனகாமல் ஓடுகிறது, ஓசியில் வந்தது எப்படி ஒழுங்காக ஓடும், அதற்குத்தானே இவனை நானே கூப்பிட்டேன்… மகள் போனில் அலுத்துக்கொண்டாள், "அம்மா, அப்டேட் வந்தா சரின்னு அழுத்து, ஃபைலுக்கு ஒரு நகல் வெச்சுக்க, கண்டதையும் ஏத்தாதே", ஆனால் உள்ளே பதினோரு வருஷத்து வாடிக்கையாளர்களின் கண் பவர் சீட்டுகள், நகல் எங்கே வைத்தேன், வைத்தேனா, குப்பையோடு அதுவும் போனால்?

இரு, குப்பை எவ்வளவு, இரண்டு ஜிபி, காலியாகக் கிடப்பது நானூறு, அடேயப்பா, ஆளில்லாத மைதானத்தில் நெரிசல் என்று ஒரு நாற்காலியைத் தூக்கப் பார்க்கிறான்… "இது அவசியமாப்பா?" கேட்டேவிட்டேன். அவன் தன் கண்ணாடியைக் கழற்றினான், பையிலிருந்து ஸ்பிரே பாட்டிலை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தான், நிதானமாகத் துடைத்தான், பாட்டிலில் என் கடைப் பெயர். "அவசியம்னு நீங்கதானேக்கா வித்தீங்க? என் பொண்டாட்டி சோப்புத் தண்ணியிலதான் கழுவுறா, அவ கண்ணாடிதான் பளிச்சுன்னு இருக்கு."

பாவி, எத்தனை நாளாக இதை உள்ளே வைத்திருந்தான்… நானும் இப்படித்தானே, குரலைத் தாழ்த்தி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்று… பாஸ்வேர்டைப் போடவில்லை, சீட்டுகளை ஒரு பென்டிரைவில் நகல் எடு, அதுக்கு முந்நூறு தர்றேன் என்றேன், வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்துவிட்டான், நகல் ஓடுகிறது, மனசு தானாகப் பெருக்குகிறது, அவன் எனக்குச் செய்த வெட்டிச் சுத்தம் மாதம் ஒன்று, ஆறு வருஷம், எழுபத்திரண்டு, நான் அவன் தலையில் கட்டியது வருஷம் நாலு பாட்டில், இருபத்துநாலு, கழித்தால் நாற்பத்தெட்டு அவன்தான் எனக்குப் பாக்கி, நெஞ்சை நிமிர்த்த வேண்டியவள் நான், ஆனால் திரையில் பெயர் பெயராக ஓடுகிறதே, டீச்சர், டிரைவர், என் சொந்த நாத்தனார், நாலாயிரத்து நூறு பேர், ஆளுக்கு ஒரு பாட்டில் என்று வைத்தாலும்…