ஆமென் அண்ணனின் நீண்ட ஜெபம்

பாட்டு மாஸ்டர் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்னால் ஆமென் அண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். தெருமுனையிலேயே ஒருமுறை தட்டிய சட்டைதான். உள்ளே போவதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட வேறு வழி தெரியவில்லை.

ஆமென் அண்ணன் என்று பெயர் வைத்ததற்காகச் சபையில் யாரையும் குறைசொல்ல முடியாது. மனுஷன் ரொட்டிக்கடை அடுப்படியில் பாதி வயதைக் கழித்தவர். ஜெபக்கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்கும்போது, முறை இவரிடம் வந்தால் தொண்டையைச் செருமுவார். பக்கத்து ஆள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே தொடங்கிவிடுவார். ஆனால் அடுத்தவர் ஜெபத்துக்கு இவர் போடும் ஆமென் இருக்கிறதே, அது கூரையைத் தூக்கும். மடியில் தூங்கிய குழந்தைகள் அலறியதும் உண்டு. எல்லாரும் நீட்டிச் சொல்வதைத் தான் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதாகச் சமாளிப்பார். உண்மையில் பயம்தான். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களை பாஸ்டர் இரண்டிரண்டு பேராக அனுப்புவார். இவருக்கு ஜோடி டீச்சரம்மா. அதில் இவருக்குப் பெரிய நிம்மதி. டீச்சரம்மா உலகம் உண்டானதிலிருந்து தொடங்கி அதன் முடிவுவரை போய்த்தான் திரும்புவார். இவர் கடைசியில் ஓர் ஆமென் போட்டு, பன் பொட்டலத்தை மேசையில் வைத்தால் வேலை முடிந்தது. இன்றைக்குப் பார்த்து டீச்சரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. போனில் வெறும் காற்றுதான் வந்தது. வேறொரு நாள் போகலாமா என்று பாஸ்டரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். படுக்கையில் கிடப்பவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், தனியாகவே போய்வாருங்கள் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

அதிலும் பாட்டு மாஸ்டர். பாடகர் குழுவை அத்தனை வருஷம் கட்டி மேய்த்தவர். கடைசி வரிசையில் ஒருவர் சுருதி தப்பினாலும் கண்ணாலேயே சுட்டுவிடுவார். ஆலயப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். அவர் முன்னால் தப்பும் தவறுமாக ஜெபிப்பதைவிட, எரிகிற அடுப்புக்குள் கையை விட்டுவிடலாம் என்றிருந்தது ஆமென் அண்ணனுக்கு.

மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்து புன்னகைத்தார். கண்கள் சிவந்து குழிவிழுந்திருந்தன. இரவெல்லாம் மாஸ்டருக்கு வலி என்றால் இந்த அம்மாவுக்கு விழிப்பு. பகலிலாவது தலையைச் சாய்க்கலாமென்றால் சபையார் விடுவதில்லை. கழுவாத கோப்பைகள் தொட்டியில் குவிந்து கிடந்ததைப் பார்த்தே இவருக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் செருப்பை மாட்டும்போது அடுத்தவர் கழற்றியிருப்பார். எல்லாம் அன்புதான். அன்போடு வருகிறவர்களைப் போகச் சொல்ல யாருக்கு வாய் வரும்? இதோ, தானும் வந்து நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

“டீச்சர் வரலியா?” என்றார் படுக்கையில் கிடந்த மாஸ்டர்.

தொண்டை கட்டியதைச் சொன்னார். மாஸ்டர் முகத்தில் ஒரு நிம்மதி ஓடி மறைந்ததுபோல் தோன்றியது. மழையைப் பற்றிப் பேசினார்கள். மாவு விலையைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்துபோனது. டீ போட அந்த அம்மா உள்ளே போனார்.

“சரி தம்பி, ஜெபம் பண்ணுங்க.”

ஆமென் அண்ணன் கண்ணை மூடினார். “அன்பின் பரலோகப் பிதாவே” என்றார். அதுவரை வண்டி ஓடியது, அங்கே நின்றுவிட்டது. அடுத்த வார்த்தையைத் தேடினார். மின்விசிறி சீராகச் சுற்றியது. தைல வாசனை கதகதப்பாக இருந்தது. மாஸ்டருக்கு எலும்பு ஒன்றுசேர வேண்டும். அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்? யோசித்தார். விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து மாவு பிசைந்த உடம்பு அது.

கண் விழித்தபோது திரைச்சீலையில் இருந்த வெயில் போய்விட்டிருந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். கதவோர நாற்காலியில், ஆறி ஆடை படிந்த டீயோடு தட்டை மடியில் வைத்தபடியே அவர் மனைவியும் உறங்கிக்கொண்டிருந்தார். ஜெபத்துக்கு நடுவே நுழையக் கூடாதென்று நின்று, கால் கடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆமென் அண்ணன் மெல்ல எழப் பார்த்தார். தொடங்கிய ஜெபத்தை முடிக்காமல் எப்படி எழுந்து போவது? பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்து ஆமென் என்றது. கூரையைத் தூக்கும் அதே ஆமென். அந்த அம்மா துள்ளி எழ, தட்டு தரையில் உருண்டது.

மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “நல்ல நீளமான ஜெபம், தம்பி.”

வீட்டில் சொன்னபோது இவர் மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டபோது மன்னிப்புக் கேட்கும் முகத்தோடுதான் போய் நின்றார்.

“மாஸ்டர் வீட்டம்மா போன் பண்ணாங்க. வாராவாரம் நீங்கதான் வரணுமாம். தனியா வரணுமாம்.” பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “அப்படி என்னண்ணே ஜெபம் பண்ணீங்க?”

“சுருக்கமாத்தான் பாஸ்டர்” என்றார் ஆமென் அண்ணன். வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த முறை திரைச்சீலைகள் முன்கூட்டியே இழுத்து மூடியிருந்தன. இவர் நாற்காலியில் ஒரு தலையணை இருந்தது. டீ பற்றிய பேச்சே இல்லை. அந்த அம்மா தனக்கும் ஒரு தலையணையோடு, முக்காலியில் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துவிட்டார். “ஆரம்பிங்க தம்பி” என்றார் மாஸ்டர். வாரம் முழுக்க மனைவியிடம் பாடம் கேட்டு மனப்பாடம் செய்த ஜெபம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முதல் வரியைச் சொன்னார். இரண்டாவது வரிக்குத் தேவை வரவில்லை. இரண்டு மூச்சுகளும் ஆழமாகிவிட்டன.

இன்று இவருக்குத் தூக்கம் இல்லை. மதியமே மாவு மூட்டை மேல் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பூனைபோல வெளியே போனார். பழப் பையோடு சபையார் இருவர் மணியை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஜெபம் நடந்துட்டிருக்கு” என்று மெல்லச் சொன்னார்.

அவர்கள் பயபக்தியோடு பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொய் சொன்னதாக இவருக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா ஒரு கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு குழந்தைபோல உறங்கினார். பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. அந்த நிறைவோடு மாஸ்டரின் எலும்புக்காக, இந்த அம்மாவின் தூக்கத்துக்காக, டீச்சரம்மாவின் தொண்டைக்காகக்கூட உள்ளுக்குள் கேட்டார். நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

கடைக்குத் திரும்பும் நேரமானது. எழுந்தார். ஆமென் நெஞ்சிலிருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயை இறுக்க மூடிக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். அடுத்த வீட்டைத் தாண்டினார், அதற்கடுத்த வீட்டையும் தாண்டினார். தெருமுனைக்குப் போய்ச் செருப்பைக் கீழே போட்டு, திரும்பி ஒருமுறை அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.